கடைவாசலில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைச் சாலைகளின் பள்ளங்களைப் பற்றியும் மூடப்படாத வடிகால்களைப் பற்றியும் நாளிதழ்களில் நிறையச் செய்திகள் வருகின்றன. கடைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தங்கள் வாசலை ஒட்டிய நடைபாதையில் பதித்து வைத்திருக்கும் வழவழப்பான டைல்ஸும் பாலிஷ் போட்ட கிரானைட்டும் அதே அளவு ஆபத்தானவை. ஆனால், அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூடத்தில் போட வேண்டிய கல்லை வாசலில், அதுவும் பைக் ஏற்றுவதற்கு வசதியாகச் சரிவாக்கி, நடைபாதையின் பாதியை மறித்துப் பதித்துவிடுகிறார்கள். காலையில் கடை திறந்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள்; மேலேயிருந்து ஏ.சி. தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் அந்த இடம் காய்வதே இல்லை.

எங்கள் தெருவில் வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், சென்ற மழைக்காலத்தில் ஒரு துணிக்கடையின் வாசல் சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. கடைப் பணியாளர்கள் ஓடிவந்து தூக்கினார்கள், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால், பின்னர் அவருடைய மகன் போய்க் கேட்டபோது, "மழை நேரத்தில் பார்த்து நடக்க வேண்டாமா சார்?" என்ற பதில்தான் கிடைத்தது. தரை போட்டது கட்டட உரிமையாளர் என்றார் கடை நடத்துபவர். நடைபாதை தம்முடையது அல்லவே என்றார் உரிமையாளர். சரிவின்மேல் ஒரு சாக்கை விரித்துப் போட்டார்கள். மழை விட்டதும் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இப்படி ஒருவர் தலையில் மற்றொருவர் கட்டிவிடுவதைச் சட்டம் ஏற்காது என்றே நான் கருதுகிறேன். டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் உயிரிழந்த வழக்கில், பொதுச்சாலையை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவருக்கு அதைப் பாதுகாப்பாகப் பராமரிக்கும் தனிக் கடமை உண்டு என்றும், குறை வெளியே தெரியாததாக இருந்தாலும் அவர் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்றும் 1966-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது இடிந்த கட்டடத்தைப் பற்றிய வழக்கு. வழுக்கும் தரைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், மறைந்திருக்கும் குறைக்கே உரிமையாளர் பொறுப்பு என்றால், அன்றாடம் அவர் கண்முன்னே பளபளத்துக்கொண்டிருக்கும் கல்லுக்கு அவர் பொறுப்பில்லை என்பது எந்த நியாயத்தில் சேரும்? தடையற்ற நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியும் இருக்கிறது.

குறை இருப்பது நிவாரணம் பெறும் வழியில்தான். அந்த அம்மையாரின் எலும்பு ஒரு பைக் மோதி முறிந்திருந்தால், அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடியிருக்கலாம். வாகனங்களுக்குக் காப்பீடு கட்டாயம் என்பதால் பணம் கொடுக்க ஒரு நிறுவனமும் இருந்திருக்கும். வாசலில் விழுந்தவரோ உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய், கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் கட்டி, எதிர்த்தரப்பின் கவனக்குறைவைத் தாமே நிரூபிக்க வேண்டும். கடைக்குப் பொருள் வாங்க வந்தவர் என்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட்டுப் பார்க்கலாம். அந்த வழியே நடந்து போனவருக்கு அதுவும் இல்லை. பொதுவழியில் ஆபத்து விளைவிப்பவருக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். அது ஒரு நாள் மருத்துவமனைச் செலவுக்குக்கூடக் காணாது.

ஆகவே, கடைகளின் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே வாசல் தரையையும் நேரில் பார்த்துச் சான்று தரும் முறையை உள்ளாட்சி அமைப்புகள் கொண்டுவர வேண்டும். சரிவு முழுவதும் உரிமையாளரின் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லியுள்ளபடி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் நடப்பவர்களுக்குத் தடையின்றி இருக்க வேண்டும். பாலிஷ் கிரானைட்டுக்குப் பதிலாகச் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் போட்டால் செலவும் குறைவுதான். நடைபாதையில் கல் பதித்ததைப் பார்த்தும் பாராமல் விட்ட உள்ளாட்சி அமைப்பும் இழப்பீட்டில் பங்கேற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளெல்லாம் மக்கள் வந்துபோகும் துணிக்கடைகள், நகைக்கடைகள், திருமண மண்டபங்கள், வணிக வளாகங்கள் ஆகியவை மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு (வெளியாருக்குக் காயம் நேர்ந்தால் இழப்பீடு தரும் காப்பீடு) எடுப்பதை உரிமத்துக்கான நிபந்தனையாக்க, தமிழக அரசு அடுத்த பருவமழைக்கு முன்பே விதிகளில் திருத்தம் செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.