ஜப்பான் பெட்டியில் சாக்லேட் மட்டும் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இணைப்பில், வெளிநாடு போகிறவர்கள் ஊருக்கு என்னென்ன வாங்கி வரலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஜப்பானுக்கு மட்டும் நாலே வரி. சாக்லேட், பச்சை நிறக் கிட்கேட், முகத்துக்குப் பூசும் க்ரீம். எழுதியவர் விமான நிலையக் கடையைத் தாண்டி வெளியே வரவில்லை போலிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். மகன் யோக்கஹாமாவில் வேலை பார்ப்பதால் நான் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை நானும் ஏறக்குறைய இதே தப்பைத்தான் செய்தேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் கீழக்கரையில் சபராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர், வந்து இறங்கினால் பெட்டி பிரிப்பதற்கே ஒரு நேரம் உண்டு. கோடாலித் தைலம் இன்னாருக்கு, பால்பவுடர் இன்னாருக்கு, சென்ட் பாட்டில் காக்காவுக்கு (அண்ணனைத்தான் அப்படிச் சொல்வோம்) என்று உம்மா பெயர் சொல்லிச் சொல்லிப் பிரித்து வைப்பார்கள். பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு சோப்பு குறைந்துவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த சபராளி வரும்வரை ஓடும். ஜப்பான்காரர்களும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். அவர்கள் இதை ஒமியாகே என்கிறார்கள். ஊருக்குப் போனவர் திரும்பும்போது அந்த ஊர்ப் பண்டத்தை ஒரு பெட்டி வாங்கி வந்து, வீட்டிலும் ஆபீஸிலும் ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனசில் வைத்துக்கொள்வார்கள், என்று மகன் சொன்னான்.

இந்தப் பழக்கம் கோயில் யாத்திரையோடு வளர்ந்தது என்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஈசே என்ற ஊர்க் கோயிலுக்கு நடந்து போவது ஜப்பானில் பெரிய காரியம். எல்லோரும் போக முடியாது என்பதால் கிராமத்தில் சீட்டுப் பிடிப்பது மாதிரி பணம் சேர்த்து, குலுக்கலில் பெயர் வந்தவரை அனுப்புவார்கள். ஊர்ப் பணத்தில் போனவர் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? கோயில் காப்பும் அந்த ஊர்ச் சாமானுமாகக் கொண்டுவந்து பணம் போட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும். அந்த ஈசேயில் 1707லிருந்து அகாஃபுக்கு என்று ஒரு பண்டம் விற்கிறது, மோச்சி என்ற பசை அரிசிக் கட்டி மேலே பயற்று இனிப்பை மூன்று வரி விழுகிற மாதிரி விரலால் இழுத்து வைப்பார்கள், பக்கத்தில் ஓடும் ஆற்றின் அலையாம் அது. இராமேசுவரம் வருகிறவர்கள் சங்கும் பாசிமணியும் தீர்த்தச் செம்பும் வாங்கிப் போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

சரி, என் தப்புக்கு வருகிறேன். முதல் தடவை டைஃபுக்கு என்ற இனிப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன். பசை அரிசியை அவித்து இடித்த மாவுக்குள் பயற்றுப் பூரணம், நம்ம கொழுக்கட்டையைக் குழந்தைக் கன்னம் மாதிரி மெத்தென்று செய்தால் எப்படி இருக்கும், அப்படி. இருபது வாங்கினேன். நரிட்டாவில் விமானம் ஏறி, கொழும்பில் மாறி, மதுரையில் இறங்கி, அப்புறம் மூன்று மணி நேரம் கார். வீட்டில் பெட்டியைப் பிரித்தால் கல்லு. பேரன் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தான், சத்தம் வந்தது. அதெல்லாம் அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள் சாப்பிட வேண்டியது என்று பெட்டி மேலேயே போட்டிருந்ததாம், எனக்கு யார் படித்துச் சொல்வது?

ஆகவே ஜப்பான் போகிறவர்கள் முதலில் தேதி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஷோமி கிகென் என்று இருந்தால் அந்தத் தேதி வரை ருசி குறையாது என்று அர்த்தம், ஒருநாள் தாண்டினால் குடி முழுகாது. ஷோஹி கிகென் என்று இருந்தால் அதற்கு அப்புறம் வாயில் வைக்காதே என்று அர்த்தம். காதுக்கு ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஊருக்குக் கொண்டுவருகிறவருக்கு முதல் வகைதான் லாயக்கு. இன்னொன்று, அவர்கள் வருஷத்தை முன்னால் போடுவார்கள், பிறகு மாதம், கடைசியில் நாள். 25.11.08 என்று போட்டிருந்த அரிசி முறுக்குப் பாக்கெட்டை என் மச்சி கையில் வாங்கி, 2008ஆம் வருஷத்துச் சாமானை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை யோக்கான் வாங்கினேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நம்ம கடற்கரைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜப்பான் பண்டம் இல்லை என்பது என் முடிவு. தட்டாம்பயறு மாதிரி சிவப்பாகச் சின்னதாக இருக்கும் அசுக்கிப் பயற்றை வேகவைத்து மசித்து, சீனியும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சி, கட்டியாக உறையவிட்டு எடுப்பது. ஆமாம், நோன்பு திறக்க நாம் பாலில் காய்ச்சித் தட்டில் ஊற்றி வில்லை போடுகிறோமே, அதே கடல்பாசி. அங்கே அதற்குக் கான்தென் என்று பெயர், குளிர் வானம் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் கியோட்டோ பக்கம் ஃபுஷிமியில் ஒரு விடுதிக்காரர் மிச்சமான பாசிக் கூழைப் பனிக்கால இரவில் வெளியே வீச, அது இரவில் உறைந்து பகலில் காய்ந்து சருகாகிவிட, மறுபடி காய்ச்சினால் முன்னைவிடத் தெளிவாக உறைந்தது என்று கதை சொல்கிறார்கள். அவர்கள் அதற்கு எடுக்கும் தெங்குசா பாசியும், நம்ம பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் ஒன்றுவிட்ட சொந்தம். இதை மகன் சொன்னபோது கடையிலேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பெயரில் ஒரு வேடிக்கையும் உண்டு. யோக்கான் என்று எழுதும் சீன எழுத்துகளுக்கு ஆட்டு ரசம் என்றுதான் நேர்ப்பொருள். சீனாவிலிருந்து ஜென் துறவிகளோடு வந்த பண்டம் அது, அவர்கள் கறி தின்ன மாட்டார்கள், அதனால் பயற்றில் செய்தார்கள், பெயர் மட்டும் ஆட்டிலேயே நின்றுவிட்டது. இதைச் சொல்லாமல் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டுக்கறி எங்கே என்று கேட்க எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது. சீனி ஏராளமாக இருப்பதால் காற்றுப் புகாமல் மூடிய யோக்கான் ஒரு வருஷம்கூட நிற்கும். விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கட்டியாகவும் விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். தண்ணீர் கூடுதலாகச் சேர்த்த மிசு யோக்கான் என்று ஒன்று உண்டு, அது அவ்வளவு நாள் தாங்காது. தித்திப்பு மட்டும் கூடுதல், மெல்லிசாக வெட்டிக் கட்டன் சாயாவோடு கொடுத்தால் சரியாகிவிடும்.

டோக்கியோவில் அசக்குசா கோயில் வாசல் கடைகளில் கமினாரி ஒக்கோஷி என்று விற்கிறார்கள். பொரித்த அரிசியைப் பாகு காய்ச்சிக் கடலையோடு கெட்டியாக்கி வெட்டியது. நம்ம பொரி உருண்டைக்குச் சதுரச் சட்டை போட்ட மாதிரி. பல் இல்லாத மாமிகளுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் காலி. அரிசி முறுக்கு மாதிரியான செம்பெயும் நல்லதுதான், ஆனால் நம்ம கடற்காற்றுக்குப் பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் சாயந்தரத்துக்குள் நமத்துவிடும். நோரி பாசித் தாளும் அப்படியே, பொரித்த அப்பளம்கூடக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அது பிடிக்காது. கியோட்டோ போனால் பட்டை வாசம் அடிக்கும் யாத்சுஹாஷி இரண்டு மாதிரி கிடைக்கும், சுட்டதை வாங்குங்கள், சுடாத மெத்து வகைக்கு ஆயுசு குறைவு.

காஸ்தெரா கேக்கையும் கொம்பெய்த்தோ மிட்டாயையும் பார்த்தால் விடாதீர்கள். இரண்டும் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தவை, 16ஆம் நூற்றாண்டில். 1569இல் ஒரு போர்ச்சுக்கீசியப் பாதிரியார் கொம்பெய்த்தோவைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு ஒதா நொபுநாகா என்ற பெரிய தளபதிக்கே கொடுத்திருக்கிறார். நட்சத்திரம் மாதிரி முள்முள்ளாகச் சின்னதாக இருக்கும், சூடான சாய்ந்த கொப்பரையில் பாகு ஊற்றி ஊற்றி இரண்டு வாரம் உருட்டுவார்களாம். நம்ம முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகப் போன சவேரியார்தான் 1549இல் ஜப்பானில் ககோஷிமாவில் இறங்கினார் என்பதும் அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கப்பல்காரர்கள் நமக்கு ஏன் ஒரு கேக்கை விட்டுப்போகவில்லை என்று தெரியவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு ஹலால் பார்க்கிற வேலையும் இருக்கிறது, சைவக்காரர்களுக்கும் இது பொருந்தும். பழைய முறை இனிப்புகள் பெரும்பாலும் அரிசி, பயறு, சீனி, பாசி, அவ்வளவுதான், பாலும் நெய்யும்கூட இல்லை. சிக்கலே புதுசாக வந்ததில்தான். மெத்து மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும், அது எந்த மிருகத்தினுடையது என்று எல்லாப் பாக்கெட்டும் சொல்லாது. காரச் சாமான்களில் சோயா சாஸ், மிரின் என்ற இனிப்புச் சமையல் மது என்று சாராயம் எட்டிப்பார்க்கும். சைவம் என்று நினைத்து வாங்கும் சூப் தூளில் சூரை மீன் இருக்கும். போன் கேமராவைக் காட்டினால் எழுத்தை மொழிபெயர்த்துவிடுகிறது, கடையில் நின்று அதைச் செய்ய வெட்கப்படாதீர்கள், கடைக்காரப் பெண்களே குனிந்து உதவி செய்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் டோக்கியோவில் 1938இல் முதலில் கட்டி 2000இல் புதிதாகக் கட்டித் திறந்த துருக்கிப் பள்ளிவாசல் இருக்கிறது, அங்கேயே ஹலால் கடை உண்டு.

கடல் சாமானை மட்டும் நம்ம ஊருக்குச் சுமக்காதீர்கள், அது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. நிபோஷி என்று அழகான பையில் போட்டிருப்பார்கள், அவித்துக் காயவைத்த சாளையும் நெத்திலியும்தான். கத்சுவோபுஷி நம்ம மாசிக் கருவாட்டுக்கு அண்ணன், சூரையை அவித்துப் புகை போட்டு, பூஞ்சை ஏறவிட்டுக் காயவைத்துக் கட்டையாக்கி, தச்சன் இழைப்புளியில் இழைத்த மாதிரி சீவுவார்கள். ஒரு பாக்கெட் கொண்டுவந்து தேங்காயோடு சம்பல் இடித்தேன். கொழும்பு மாசியா என்றார்கள். கொடுத்த விலைக்கு அந்தக் கேள்வியா கேட்பது!

தேயிலை வாங்குவதாக இருந்தால் ஹோஜிச்சா, வறுத்தது, கசப்பு இல்லை, நம்ம ஆட்களுக்கு ஒத்துவரும். கேன் தண்ணீரில் போடுங்கள். பச்சைத் தேயிலையை அரைத்த, விலை கூடிய மாச்சாத் தூளை என் காக்கா பாலும் சீனியும் ஊற்றி நன்றாகக் கொதிக்கவைத்தார், அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை. மிசோ என்ற சோயா விழுதும் உமேபோஷி ஊறுகாயும் நீங்களே சமைக்கிற ஆளாக இருந்தால் வாங்குங்கள், மிசோவைக் கைப்பையில் வைக்காதீர்கள், குழம்பு மாதிரி இருப்பதால் விமான நிலையத்தில் திரவக் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள்.

வாங்குவதற்கு முன் கொடுக்க வேண்டிய தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். எத்தனை துண்டு என்று பெட்டி மேலேயே எண் இருக்கும், 8, 12, 24 என்று. உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றியிருக்கும். பெரிய கடைகளின் நிலவறையில் முழுக்க முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள்தான், ரயில் நிலையங்களிலும் அந்தந்த ஊர்ப் பண்டம் கிடைக்கும். ஹிரோஷிமா பக்கம் மியாஜிமாத் தீவில் மேப்பிள் இலை வடிவத்தில் மஞ்சு என்ற பூரணம் வைத்த இனிப்பு, நகோயாவில் ஊய்ரோ என்று ஊருக்கு ஒரு பெயர்.

அந்த ஊய்ரோதான் என்னை இந்தக் கடிதம் எழுதவைத்தது. அரிசி மாவும் சீனியும் கலந்து அவித்த கட்டி, வாயில் வைத்ததும் எங்கள் தொதல் ஞாபகம் வந்தது. அதில் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் இல்லை, மணிக்கணக்காகக் கிண்டி எண்ணெய் பிரிகிற வாசமும் இல்லை, ஆனால் பல்லில் ஒட்டுகிற விதம் அதேதான். மகனும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த தடவை ஆபீஸுக்குத் தொதல் கொண்டுவாங்க உம்மா, மொத்தம் 18 பேர் என்றான்.

கொண்டுபோனேன். கடையில் கிலோக் கணக்கில் வெட்டி எண்ணெய்த் தாளில் மடித்துக் கொடுத்ததை, வீட்டில் உட்கார்ந்து 18 துண்டாக்கி, ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, சாயல்குடிப் பக்கம் முடைந்த ஓலைக் கொட்டானில் அடுக்கினேன். அந்த ஆபீஸில் ஒரு பெரியவர் கொட்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், உள்ளே இருந்ததைவிட அது அவருக்குப் பிடித்திருந்தது. ஒகினாவா கருஞ்சீனியா இது என்று இரண்டு பேர் கேட்டார்களாம். எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, இதை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது. அதில் தேதி எங்கே இருக்கிறது? ஊருக்கு வந்ததும் அதே கடைக்குப் போய், தொதல் எத்தனை நாள் தாங்கும் காக்கா, ஒரு சீட்டாவது அச்சடித்து ஒட்டக் கூடாதா என்று கேட்டேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல எத்தன பேரும்மா? அதப் பொறுத்துத்தான்."

இப்படிக்கு,
வாசகி, கீழக்கரை