கேம்ப்டனிலிருந்து விஞ்ச்கூம் வரை: நல்லசிவத்துக்கு

பர்மிங்காம்

அன்புள்ள நல்லசிவம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அது போதும். ஆனால் கட்டுப் பிரித்ததும் பிரிக்காததுமாக நீ எழுதிய முதல் விஷயமே, நம் தோட்டத்து இட்டேரியில், இரு வேலிக்கும் நடுவே போகும் அந்த வண்டிப்பாதையில், வேலியை நகர்த்தி முக்கால்வாசியை விழுங்கிவிட்டார்கள் என்பதுதான். காலமெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் வேறு எதை எழுதுவாய்!

நானும் ஒரு பாதையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன மாதக் கடைசியில் நானும் சரசுவும் சிப்பிங் கேம்ப்டனிலிருந்து விஞ்ச்கூமுக்கு நடந்தே போனோம். இரண்டும் இங்கிலாந்தின் பழைய சந்தை ஊர்கள். ஏறக்குறைய 29 கிலோமீட்டர். நடுவில் பிராட்வேயில் ராத்தங்கல். மருமகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "மாமா, முட்டி வலித்தால் போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போடவில்லை.

கேம்ப்டன் ஆட்டு ரோமத்தில் எழும்பிய ஊர். 1401இல் இறந்த வில்லியம் கிரெவெல் என்ற கம்பளி வியாபாரியின் வீடு கடைவீதியில் இன்னும் நிற்கிறது. அவருடைய சமாதி மாதா கோயிலுக்குள் இருக்கிறது. வீதி நடுவே 1627இல் கட்டிய சந்தைக் கூடம். கல் தூண்கள், மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு. தரையில் பாவிய கல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. செருப்போடு நடந்தால் கால் பிசகும். அதை இழைத்துச் சமன் செய்து டைல்ஸ் ஒட்டாமல் விட்டிருக்கிறார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஊரைத் தாண்டி மேடேறினால் டோவர் குன்று. 1612 வாக்கில் ராபர்ட் டோவர் என்ற வக்கீல் இங்கே ஆரம்பித்த விளையாட்டு விழாவை இப்போதும் நடத்துகிறார்கள். அதில் ஒரு போட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே உதைப்பது! கால்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துக்கொள்வார்களாம். நம்மூர் மஞ்சுவிரட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்பவர்களை ஒருமுறை இங்கே அழைத்துவர வேண்டும்.

சரி, உனக்கான விஷயத்துக்கு வருகிறேன். குன்றுக்கு முன்பும் பின்பும் பாதை போவதெல்லாம் தனியார் பட்டா நிலத்தில். ஓரமாகக்கூட அல்ல. ஒரு கோதுமை வயல். பயிர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. அதன் நட்டநடுவே, மூலைக்கு மூலை, வகிடு எடுத்ததுபோல் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வெறும் மண். விவசாயியே பயிரை அழித்து வழி விட்டிருக்கிறார். விடாமல் இருக்க முடியாது. வயலுக்குக் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையை உழுதால் 14 நாளைக்குள் சமன்படுத்தி, குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குத் தடம் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். வேலி வருகிற இடமெல்லாம் ஒரு கடவு: படி வைத்து ஏறி இறங்குவது ஒரு ரகம், வளைந்த அடைப்புக்குள் கதவு ஆடும், ஆள் நுழையலாம், மாடு நுழையாது என்பது இன்னொரு ரகம். பக்கத்துக் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம்.

இது யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. 1949இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு மாவட்ட கவுன்சிலும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுப் பாதைகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றானது. அந்தந்தக் கிராமத்து ஆட்களே நடந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். அந்த வரைபடத்தில் ஏறிவிட்டால் அதுவே அத்தாட்சி. நிலம் கைமாறலாம், பாதை மாறாது. விட்டுப்போனவற்றுக்கும் வழி உண்டு. 20 வருஷம் ஜனங்கள் தடையில்லாமல், யாரிடமும் கேட்காமல் நடந்திருந்தால், அது பொதுப் பாதை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற அனுபோக உரிமைக்கான நம்முடைய 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்திலும் அதே 20 வருஷம்தானே? ஆனால் நம்மிடம் அது பக்கத்துத் தோட்டத்துக்காரனின் உரிமை. இங்கே வழிப்போக்கனின் உரிமை. என்னைப் போல ஊர் பேர் தெரியாத ஆள், யாரோ ஒருவருடைய வயல் நடுவே நிமிர்ந்து நடக்கலாம். வித்தியாசமெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

காங்கேயத்துக்காரனுக்கு இன்னொன்று. பாதை போகும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட காளையை விடுவதற்கும் சட்டம் இருக்கிறது. பால் மாட்டு இனக் காளை அறவே கூடாது; கறி மாட்டு இனக் காளையை, பசுக்களோ கிடாரிகளோ கூட இருந்தால் விடலாம். பால் இனக் காளைக்குத்தான் முரட்டுத்தனம் அதிகமாம். நாங்கள் கடந்த ஒரு மேய்ச்சல் காட்டில் ஒன்று படுத்திருந்தது. எந்த இனம் என்று கிட்டே போய்ப் பார்க்கச் சரசு விடவில்லை.

பிராட்வேக்கு மேலே, 312 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது. 1790களின் கடைசியில் ஒரு சீமாட்டி அழகுக்காகக் கட்டியது. எல்லோரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதன் அருகே பூமிக்கடியில் இருக்கும் அறைதான் சுவாரசியம்: அணுகுண்டு விழுந்தால் எங்கே விழுந்தது என்று கணக்கெடுத்துச் சொல்ல, பனிப்போர்க் காலத்தில் ஆள் உட்கார்ந்திருந்த குழி. பிராட்வே ஊரோ டூரிஸ்ட் பஸ்ஸும் ஐஸ்கிரீமுமாக இருந்தது. காலையில் சீக்கிரமே கிளம்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் 19 கிலோமீட்டர். ஸ்டான்டன், ஸ்டான்வே என்று தேன் நிறக் கல் வீடுகள். அப்புறம் ஒரு செங்குத்தான ஏற்றம், அதில்தான் முட்டி என்னிடம் பேச ஆரம்பித்தது. மேலே பெக்பரி என்ற ஆதிகாலத்து மண்கோட்டை. அங்கிருந்து இறங்கினால் ஹெய்ல்ஸ் மடத்தின் இடிபாடு. 1246இல் நிறுவிய மடம். கிறிஸ்துவின் ரத்தம் என்று ஒரு குப்பியை வைத்திருந்தார்கள். அதைத் தரிசிக்க நாடெங்கிலுமிருந்து கூட்டம் நடந்து வந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்கள் 1538இல் குப்பியை லண்டனுக்குக் கொண்டுபோய், இது குங்குமப்பூ கலந்த தேன் என்று அறிவித்தார்கள். மறு வருஷம் மடமே போய்விட்டது. இன்று பாதி உடைந்த வளைவுகளும் புல்லும்தான்.

விஞ்ச்கூமில் மாதா கோயில் சுவர் உச்சியைச் சுற்றிலும் கோணல் மூஞ்சிக் கல் பொம்மைகள். சரசு ஒவ்வொன்றுக்கும் நம் சொந்தக்காரர் பேராக வைத்துக்கொண்டு வந்தாள். யார் யார் என்று எழுதமாட்டேன், கடிதம் உன் வீட்டில் எல்லோர் கையிலும் போகும்.

இட்டேரிக்கு மனு கொடுத்ததாக எழுதியிருந்தாய். வெறும் மனு போதாது. சர்வே ஆபீஸின் பழைய புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) நகல் கிடைக்குமா பார். அதில் வண்டித்தடம் புள்ளிக்கோடாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாரப்பக் கவுண்டர் மாதிரி அதில் நடந்து பால் கொண்டுபோன பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள். வக்கீல் செலவில் என் பங்கையும் வைத்துக்கொள்; மறுத்து எழுதாதே. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, இன்னும் கொஞ்ச நாளைக்கு வெயிலில் வேலி பார்க்கப் போகாதே.

அன்புடன்,
துரைசாமி