லாஸ்டைத் தொடாமல் காலணி வடிவமைப்பா?

ஆசிரியருக்கு,

காலணி வடிவமைப்பில் முதுநிலை சேரும் எங்கள் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகள் கணினி வரைபடத்தோடு நின்றுவிடக் கூடாது. லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சின் மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோடு வரைந்து, அறுத்து உரித்து, அட்டையில் தட்டையாக்கி, தோல் வெட்டுவதற்கான பேட்டர்ன் எடுத்துப் பழக வேண்டும். அங்கே ஒரு சுருக்கம் விழுந்தாலே இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். பிரெஞ்சு அளவில் அடுத்த சைஸுக்கு நீள வித்தியாசமே 6.67 மி.மீ.தான்! லாஸ்டின் அடியில் இழுத்து மடிக்க விடும் தோல் ஓரம், அதாவது லாஸ்டிங் மார்ஜின், 15 மி.மீ.க்குக் குறைந்தால் இழுக்கும் குறடான பின்சர் பிடிக்காது. தோலின் இழுவை குறைந்த திசை குதிகாலிலிருந்து விரல்நுனிக்கு ஓட வேண்டும். மாற்றி வெட்டினால் மேற்பகுதி நீண்டு ஷூ தொளதொளத்துவிடும். மென்பொருள் இதைச் சொல்லித்தராது. கல்லூரிகள் முதல் பருவம் முழுவதையும் பட்டறைக்கே ஒதுக்கட்டும்.

– காலணி பேட்டர்ன் தொழிலாளர்கள், பேரணாம்பட்டு