பிள்ளைகளின் முழங்கை முறிவு: கட்டுவதற்கு முன் எக்ஸ்ரே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்குகிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் மரத்திலிருந்து விழுந்து கை வீங்கிய பிள்ளைகளை, எக்ஸ்ரே எடுக்காமலேயே கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. இயன்முறை மருத்துவர் என்ற முறையில், அப்படிக் கட்டப்பட்டு விரல்கள் மடங்கிப்போன கைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருவதால் இதை எழுதுகிறேன்.

கட்டுப் போடுபவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குழந்தையின் எலும்பைச் சுற்றியுள்ள உறை தடிமனானது, இரத்த ஓட்டமும் மிகுந்தது. எனவே முன்கையிலோ காறை எலும்பிலோ ஏற்படும் எளிய முறிவு எவர் கட்டினாலும் சில வாரங்களில் கூடிவிடுகிறது, சிறிது கோணலாகக் கூடினாலும் வளர வளரப் பெரும்பாலும் நேராகிறது. இந்த இயற்கையின் வேலைதான் பல இடங்களில் கைராசி என்று பெயர் பெறுகிறது. முழங்கைக்கு இந்தச் சலுகை கிடையாது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தோள்பட்டைப் பக்கத்திலேயே நடப்பதால், முழங்கைப் பக்கம் கோணலாகக் கூடியது கோணலாகவே நின்றுவிடும்.

வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள் என்று பள்ளியில் படிக்கிறோம். பிறந்த குழந்தைக்கு அதைவிட மிகுதி, ஏறத்தாழ 300. வளரும்போது பல ஒன்றோடொன்று இணைகின்றன. முழங்கை மூட்டின் பெரும்பகுதி பிறப்பில் வெறும் குருத்தெலும்புதான். அதில் ஆறு இடங்களில், ஏறத்தாழ ஒரு வயது தொடங்கிப் பன்னிரண்டு வயதுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக எலும்பு உருவாகிறது. எது முறிவு, எது இன்னும் எலும்பாகாத குருத்து என்று எக்ஸ்ரே படத்திலேயே ஐயம் எழுந்து, மறு கையையும் படமெடுத்து ஒப்பிட நேர்வதுண்டு. அப்படியிருக்க, வீங்கிய கையை விரலால் தடவிப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்ள முடியும்?

கையை ஊன்றி விழும் சிறு பிள்ளைகளுக்கு அதிகம் முறிவது முழங்கைக்குச் சற்று மேலே உள்ள பகுதி. முன்னும் பின்னும் குழிந்திருப்பதால், அங்கே எலும்பு அப்பளம் போல் மெலிந்திருக்கும். கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியும் விரல்களுக்குச் செல்லும் முக்கிய நரம்பும் அதற்கு நேர் முன்னால் ஓடுகின்றன. முறிந்த முனை அவற்றை அழுத்தலாம், கிழிக்கவும் செய்யலாம். அதன்மேல் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளே வீக்கம் ஏற ஏற முன்கைத் தசைகளுக்கு இரத்தம் செல்வது தடைபடும். ஆறு மணி நேரம் போல நீடித்தாலே தசை அழுகத் தொடங்கி, பிறகு சுருங்கி, விரல்களை உள்நோக்கி மடக்கிவிடும். ஜெர்மனி நாட்டு அறுவை மருத்துவர் ஃபோக்மன் 1881-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். இறுக்கமான மாவுக்கட்டும் இதே தீங்கைச் செய்யும் என்பதால், மருத்துவமனையில் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

கட்டிய பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டோ மரத்தோ போனாலோ, மடங்கிய விரலை மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை அலறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துணிக்கட்டாக இருந்தால் உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மாவுக்கட்டானால் அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று: எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது முழங்கைக்கு ஆகவே ஆகாது. காயம்பட்ட தசைக்குள் எலும்பு படிந்து மூட்டு இறுகிப்போவதற்கு அது ஒரு காரணமாகிறது.

விழுந்த பிள்ளையின் கையை இழுத்து நேராக்க முயலாமல், இருந்த நிலையிலேயே மடித்த அட்டையையோ செய்தித்தாளையோ தாங்கலாக வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லலாம். வண்டி இல்லாதவர்களுக்கு 108 இருக்கிறது.

தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாளில், எலும்புகளின் எண்ணிக்கையோடு இந்த அறிகுறிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புமாறு அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுப் போடுபவர்களும், பிள்ளைகளின் முழங்கை என்றால் எக்ஸ்ரே படமும் மருத்துவர் கருத்தும் இல்லாமல் தொடுவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். விடுமுறை தொடங்குவதற்குள் இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.