மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இரவில் தங்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் மற்றும் மலைக் கிராம மக்கள்

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மருத்துவர் குடியிருப்பைப் பழுதுபார்த்தல், இரண்டு மருத்துவர்களை முறைவைத்துப் பணியமர்த்தல் தொடர்பாக.

வணக்கம். இந்த மலையில் 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் இங்கேதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி சங்கதி எழுத நர்சம்மாதான் சரி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, இந்த மனு என் கைக்கு வந்தது.

எங்களுக்கு மருத்துவரே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பதிவேட்டில் இருக்கிறார், பகலில் வருகிறார், நன்றாகவும் பார்க்கிறார். சாயங்காலம் கடைசிப் பேருந்தில் இறங்கிவிடுகிறார். பாம்பு அதற்குப் பிறகுதான் வெளியே வருகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு பையனைக் கட்டுவிரியன் கடித்தது. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். எறும்பு கடித்ததுபோல இருந்தது என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்தப் பாம்பு கடித்தால் வீக்கமும் இருக்காது, பெரிதாக வலியும் இருக்காது. விடியும் முன் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தூக்க முடியவில்லை. டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். நிலையத்தில் குளிர்பெட்டி நிறைய விஷமுறிவு மருந்து இருந்தது. இரவுப்பணியில் இருந்த செவிலியர் தனி ஆள். அந்த மருந்து ஏறும்போது ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சரிந்தால் உடனே அட்ரினலின் போட வேண்டும். மூச்சு நின்றால் குழாய் வைக்க வேண்டும். மருத்துவர் இல்லாமல் அவர் துணியவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். போனில் கேட்கலாம் என்றால் சிக்னல் இல்லை. மருந்து இருந்த அறையிலிருந்து மருந்தைத் தேடி அவனை மலையிறக்கினோம். பாதி வழியில் மூச்சு நின்றது. 108 வண்டியில் வந்த தம்பி கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே போனார். பையன் பிழைத்தான். ஆடு மேய்க்கிறான்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர்கள். அவர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. ஒரு பழங்குடியின் கைபட்ட மருந்து இன்னொரு பழங்குடியின் ஊர்வரை ஏறி வந்துவிட்டது. அதைப் போடத்தான் ராத்திரியில் ஆள் இல்லை.

ஏன் தங்கவில்லை என்று மருத்துவர்களைக் கேட்பதற்கு முன்னால் குவார்ட்டர்ஸைப் பார்க்க வேண்டுகிறேன். கூரை ஒழுகுகிறது. போர் மோட்டார் எரிந்து இரண்டு வருடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மருத்துவர் தங்கியே தீருவது என்று பெட்டியோடு வந்தார். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குடம் தூக்கித் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று இரவு இருந்தார். நான்காம் நாள் அடிவாரத்தில் வாடகை வீடு பார்த்துக்கொண்டார். என் மகளாக இருந்தால் நானே முதல் நாள் கூட்டிப்போயிருப்பேன்.

சினிமாவில் மலைக்கு வரும் டாக்டர் முதலில் முகம் சுளிப்பார், கடைசிக் காட்சியில் ஊரோடு தங்கிவிடுவார். அப்படி ஒரு தியாகியை நாங்கள் கேட்கவில்லை. மாற்றலாகிப் போகட்டும், மேற்படிப்புக்குப் போகட்டும். இருக்கிற வரைக்கும் இரவில் இருந்தால் போதும்.

மேற்படிப்பு என்றதும் இன்னொன்று. எட்டாத, கடினமான பகுதிகளில் வேலை செய்யும் அரசு மருத்துவருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 30 விழுக்காடு வரை முதுநிலை நுழைவுத் தேர்வில் ஊக்க மதிப்பெண் தரலாம் என்று 2000ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் வழிசெய்தன. நல்ல ஏற்பாடு, அதனால்தான் எங்களுக்கும் இளம் மருத்துவர்கள் கிடைத்தார்கள். ஆனால் அந்த மதிப்பெண் மலையில் போட்ட பணிக்கு வந்தது, மலையில் கழித்த இரவுக்கு வரவில்லை. இப்படிப்பட்ட சலுகைகளை நிலையத்தில் தங்குவதோடு சேர்த்துக் கணக்கிடலாமா என்று துறை யோசிக்க வேண்டும். வீட்டைச் சரிசெய்யாமல் இதை மட்டும் செய்தால், வருகிற பிள்ளைகளும் வரமாட்டார்கள்.

தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி இருக்கிறது. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே போய் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களையே பழக்கிச் செவிலியர்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். கைக்குழந்தைகள் சாவது அங்கே வெகுவாகக் குறைந்தது. எங்கள் ஊரிலும் பன்னிரண்டாவது முடித்த பெண்கள் சும்மா இருக்கிறார்கள். அரசு செவிலியர் பள்ளிகளில் அவர்களுக்கு இடம் கிடைத்தால் இரவுப்பணிக்கு இரண்டாவது ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை.

ஆகவே குடியிருப்பைத் தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், இன்வெர்ட்டர் வசதியோடு வரும் மழைக்காலத்துக்குள் சரிசெய்து தரவும், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மேலே இருக்கும்படி இரண்டு மருத்துவர்களை அமர்த்தவும் வேண்டுகிறோம். ஓடு மாற்றவும் மண் சுமக்கவும் ஊரில் ஆள் உண்டு, அந்தக் கூலி எங்களுக்கு வேண்டாம். சமையலுக்கு ஆள் வேண்டுமானாலும் சொல்லுங்கள். களியும் சாமைச் சோறும்தான், பிடிக்காவிட்டால் அரிசி வாங்கிவைக்கிறோம்.

நேரில் பார்க்க வருவதானால் மாலையில் வந்து மறுநாள் காலையில் இறங்கும்படி வரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் மற்றும் ஊர் மக்கள்

இணைப்பு: ஊர் மக்களின் கையொப்பங்களும் கைரேகைகளும், குடியிருப்பின் புகைப்படங்கள், ஊர்க்கூட்டத் தீர்மான நகல்.