பனியிலிருந்து இறங்கி வந்த மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். செகந்திராபாத் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனதிலிருந்து, நான் ஃபோன் செய்தால் "நல்லா இருக்கேன்மா" என்ற ஒரு சொல்லோடு மருமகளிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன். மருமகள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

2016 பிப்ரவரியில் 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேரைச் சியாச்சின் பனிச்சரிவு கொண்டுபோனதையும், அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்பதையும் நம் ஊர் கம்மவான்பேட்டையில் யாரும் மறக்கவில்லை. அதே பனியில் நீ டியூட்டி முடித்து முழுதாக இறங்கி வந்தாய் என்று ஊரார் கோயிலில் உன்னை நிறுத்தி மாலை போட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீயோ அந்த மாலையைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டாய். பெரியவர்களுக்கு அது வருத்தம்தான்.

அந்த லீவில் நான் பார்த்தும் பாராததுபோல் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலூர் வெயில் கொளுத்திய மத்தியானத்தில் பாப்பா ஜன்னலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ கட்டிலைத் தாண்டிப் பாய்ந்து அவள் கையைப் பிடுங்கி, உள்ளங்கையைத் திருப்பி, ஒவ்வொரு விரலாகப் பார்த்தாய். வெறுங்கை இரும்பில் பட்டால் அந்தக் குளிரில் தோலே ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும் என்று முன்பு நீ சொல்லியிருந்ததால் எனக்குப் புரிந்தது. குழந்தைக்கு எப்படிப் புரியும்? இரவில் எங்கள் ஒவ்வொருவர் மூக்கருகிலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போவாயே, அப்போதும் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். நுரையீரலில் நீர் கோத்து, தூக்கத்திலேயே போய்விடும் இடத்தில் உடனிருப்பவன் மூச்சைக் கவனித்துப் பழகியவன் நீ. அந்தப் பழக்கம் மலையை விட்டு இறங்கியவுடன் உன்னை விட்டுவிடாது என்பது எனக்குத் தெரியும்.

உன் அப்பாவிடம் பார்த்ததால் தெரியும். 1990 மார்ச்சில் அமைதிப்படை இலங்கையிலிருந்து கடைசியாகக் கப்பலேறியபோது அவரும் வந்தார். வரவேற்க முதலமைச்சரே போகவில்லை என்று ஊரெல்லாம் பேசியது. அவர் அதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. நம் ஏரிக்கரை மதகு உனக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் பாலத்தடியில் கண்ணிவெடி வைத்திருப்பார்கள் என்பதால், இங்கேயும் அவர் மதகின் மேல் கால் வைக்காமல் வாய்க்காலில் இறங்கித்தான் கடப்பார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நீயும் சிரித்துக்கொண்டே இறங்குவாய். பட்டாளத்தான் அப்படித்தான் என்று சொல்லி ஊர் அவரை விட்டுவிட்டது. மற்றதைக் கேன்டீன் ரம் பார்த்துக்கொண்டது. உன் ரம் கோட்டா என்ன ஆகிறது என்று நான் கேட்கவில்லை.

ஒரு முறை யூனிட் மருத்துவ அறைக்கு, அந்த எம்.ஐ. ரூமுக்குப் போய் வா. தூக்கம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். முழு உடல்தகுதி என்று தரும் ஷேப்-1 போய்விடும், ஹவில்தார் பதவி உயர்வு நின்றுவிடும் என்று நீ பயப்படுவாய். தற்காலிகமாக மருத்துவக் கேட்டகரி இறங்கியவர்கள் மறுபரிசோதனையில் மீண்டும் ஏறியிருக்கிறார்கள். நம் தெருவிலேயே இருக்கிறார்கள், விசாரித்துக்கொள். யூனிட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசு. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. படைவீரர்களுக்கென்றே 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள். ஆனாலும் முதலில் எம்.ஐ. ரூமுக்குப் போ. வேளைக்குச் சாப்பிடு. பாப்பாவைக் காலையில் பள்ளிக்கு நீயே கூட்டிக்கொண்டு போ.

மறுபடியும் சொல்கிறேன், எம்.ஐ. ரூமுக்குப் போய் வா. போனேன் என்று நீயே ஃபோனில் சொல்ல வேண்டும். மருமகள் வழியாகச் சொல்லி அனுப்பினால் ஏற்க மாட்டேன். பொங்கலுக்குள் அந்தச் செய்தி வராவிட்டால் காட்பாடியில் ரயிலேறி அங்கு வந்துவிடுவேன், நீயே வந்து ஸ்டேஷனில் அழைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா