கழிப்பறைக் கணக்கோடு நிற்க வேண்டாம், தண்ணீர்க் குடம் வரை போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமானம் குறைந்த குடியிருப்புகளின் சுகாதாரம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'இத்தனை ஆயிரம் கழிப்பறைகள் கட்டப்பட்டன' என்பதே தலைப்பாகிறது. கட்டியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைந்துவிட்டது என்று எழுதுவதற்கு ஆதாரம் போதாது. இத்துறையில் களஆய்வு செய்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. கழிப்பறை கட்டும் திட்டம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் கூடின. ஆனால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில், முந்தைய 7 நாளில் வயிற்றுப்போக்கு கண்டவர்கள் அங்கே 8.8 சதவீதம், திட்டம் நடக்காத கிராமங்களில் 9.1 சதவீதம். பெயர் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கழிப்பறை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மலத்திலிருக்கும் கிருமி கை, ஈ, மண், தண்ணீர், உணவு என்று பல வழிகளில் வாய்க்குப் போகிறது. பாதி வீடுகள் ஒரு வழியை மட்டும் அடைத்தால் மற்ற வழிகள் திறந்தே கிடக்கின்றன.

2018-ல் வெளியான வங்கதேச, கென்ய ஆய்வுகளையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு நாடுகளிலும் குளோரின், கழிப்பறை, கைகழுவுதல், சத்துணவு ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் வெவ்வேறு பிரிவுக் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வங்கதேசத்தில் பெரும்பாலான பிரிவுகளில் வயிற்றுப்போக்கு குறைந்தது, கென்யாவில் குறையவில்லை. வங்கதேசத்தில் பணியாளர்கள் மாதத்துக்குச் சராசரியாக 6 முறை வீடுகளுக்குப் போனார்கள். கென்யாவில் ஏறத்தாழ மாதம் ஒருமுறைதான். குழந்தைகளின் உயர வளர்ச்சி இரு நாடுகளிலுமே சத்துணவு கொடுத்த பிரிவுகளில் மட்டுமே சற்றுக் கூடியது. பொருளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் பழக்கம் தானாக வந்துவிடாது.

அப்படியானால் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது? 'உங்கள் வீட்டில் எல்லோரும் கழிப்பறைக்குப் போகிறீர்களா?' என்று குடும்பத் தலைவரிடம் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். 'சிலர் கழிப்பறைக்குப் போவார்கள், சிலர் வெளியே போவார்கள்' என்று இரண்டையும் இயல்பாகச் சொல்லிவிட்டு, வீட்டில் ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியே கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும்போது வெளியே போகிறவர்களின் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிய வருகிறது. பிறகு கதவைத் திறந்து பார்க்க வேண்டும். தரை ஈரமாக இருக்கிறதா, கோப்பையின் வளைவில் தண்ணீர் நிற்கிறதா, வாளியும் குவளையும் உள்ளேயே இருக்கின்றனவா? மூலையில் சிலந்தி வலையும், கோப்பை மேல் விறகும் சாக்குமூட்டையும் இருந்தால் வேறு கேள்வியே தேவையில்லை. கைக்குழந்தையின் மலத்தை எங்கே கொட்டுகிறார்கள் என்பதைப் பெரும்பாலான படிவங்கள் கேட்பதே இல்லை. குழந்தையின் மலத்தில் கேடில்லை என்ற நினைப்பில் அது சாக்கடைக்கோ குப்பைக்கோ போகிறது. நோய்க்கிருமி அதில்தான் அதிகம் இருக்கக்கூடும்.

கைகழுவும் பழக்கத்தை அளப்பது இதைவிடக் கடினம். வங்கதேசத்தில் சோப்புக் கட்டிக்குள் அசைவை உணரும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். ஆய்வாளர் வீட்டில் உட்கார்ந்து கவனித்த நாளில் சோப்பு நகர்ந்த எண்ணிக்கை சுமார் 35 சதவீதம் கூடியது. ஆள் பார்க்கிறார் என்றால் யாரும் கை கழுவத்தான் செய்வார்கள். கைகழுவ என்று ஓர் இடம் இருக்கிறதா, அந்த நிமிடத்தில் அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறிப்பது இதைவிட நம்பகமானது.

எங்கள் கவலை அதிகமும் தண்ணீரைப் பற்றித்தான். குழாயில் பிடித்த மாதிரி சுத்தம் என்று வந்தால் அறிக்கையில் 'தண்ணீர் பாதுகாப்பானது' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் குடத்துக்கு வந்து, அகன்ற வாய்ப் பாத்திரத்துக்கு மாறி, டம்ளரை விட்டு மொள்ளும்போது நான்கு விரல்களும் உள்ளே முங்குகின்றன. பாத்திரத்தின் உட்சுவரைத் தடவினால் வழவழப்பாக ஒரு படலம் தட்டுப்படும். வெறுமனே அலசினால் அது போகாது, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். குழாயடியில் சுத்தமாக இருந்த தண்ணீர் வீட்டுக்குள் கெடுகிறது. எனவே 'குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பதுபோல ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்' என்று கேட்டு, அவர்கள் மொண்டு கொடுப்பதையே மாதிரியாக எடுக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் தவறு நடக்கிறது. குளோரின் கலந்த தண்ணீர் என்றால் புட்டியில் குளோரினைச் செயலிழக்க வைக்கும் சோடியம் தயோசல்பேட் முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குளோரின் புட்டிக்குள்ளேயே கிருமியைக் கொன்றுவிடும். முடிவு சுத்தம் என்று வரும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முடிந்தவரை 6 மணி நேரத்துக்குள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கூடவே, குடத்துத் தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடுவதால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். குளோரின் சேர்த்த பின் 30 நிமிடம் பொறுக்க வேண்டும். திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடருக்கு வீரியம் போய்விடும். அதை அளந்து போட்டும் பயனில்லை.

மலக்குழி பற்றியும் கேட்க வேண்டும். இரட்டைக் குழி என்றால் ஒரு நேரத்தில் ஒரு குழிக்குத்தான் மலம் போக வேண்டும். அது நிரம்பியதும் அதன் வழியை அடைத்து மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை 2 ஆண்டு ஆறவிட வேண்டும். கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் சாக அவகாசம் வேண்டும்; அதிலும் உருண்டைப்புழு முட்டை லேசில் சாகாது. கட்டும்போதே இரு வழிகளையும் திறந்து விட்டுவிடுவது வழக்கமான பிழை. அப்போது இரண்டும் ஒன்றாக நிரம்பி, பச்சை மலத்தை அள்ளும் நிலை வருகிறது. அதை யார் அள்ளுகிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டிய தகவல்.

இன்னொன்று, காலம். முதல் கணக்கெடுப்பை மழைக்காலத்திலும் இரண்டாவதை வறண்ட காலத்திலும் நடத்தினால், எந்தத் திட்டமும் இல்லாமலேயே வயிற்றுப்போக்கு குறைந்ததுபோலத் தெரியலாம். ஒப்பிட வேறு பகுதி ஒன்று இல்லாத ஆய்வின் மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை. 24 மணி நேரத்தில் 3 முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால்தான் வயிற்றுப்போக்கு என்ற வரையறையைத் தாயிடம் விளக்கிச் சொன்னார்களா என்பதையும் பாருங்கள்.

அடுத்த முறை இப்படி ஓர் அறிக்கை உங்கள் செய்தியாளர் கைக்கு வரும்போது, தண்ணீர் மாதிரியைக் குழாயில் பிடித்தார்களா, குடத்திலிருந்து எடுத்தார்களா என்று கேட்டு, அந்தப் பதிலையும் செய்தியோடு அச்சிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரக் களஆய்வாளர்கள்